வாண்டா ஜாக்சனின் ஆல்பமா, ஜாக் வைட்டின் ஆல்பமா?

"வாண்டா ஜாக்சன் 73 வயதில் ஜாக் வைட்டோடு சேர்ந்து வெளியிட்ட 'தி பார்ட்டி ஐன்ட் ஓவர்' கேட்டேன். பிடித்திருக்கிறது. ஆனால் இது உண்மையில் யாருடைய ஆல்பம்? பெரியவர்கள் பெயரை அட்டையில் போட்டுவிட்டு வேலையை எல்லாம் இளசுகளே முடித்துவிடுகிறார்களா? இதே மாதிரி வேறு என்ன கேட்கலாம்?" இதுதான் உங்கள் கேள்வி.

வாண்டா 50-களின் அமெரிக்க ராக் அண்ட் ரோல் பாடகி, ஜாக் வைட் அடுத்த தலைமுறை ராக் கிட்டார்காரர், அந்த ஆல்பத்தின் தயாரிப்பாளர். அந்த ஆல்பத்தில் சில பாட்டுகள் வாண்டாவுடையவை, சில ஜாக் வைட்டுடையவை. எது யாருடையது என்று காதை வைத்தே பிரித்துவிடலாம். அட்டையில் யார் பெயர் பெரிது, கிட்டார் எவ்வளவு சத்தம் என்பதெல்லாம் அடுத்த பட்சம். காலப்பிரமாணம், அதாவது பாட்டின் வேகமும் நடையும், யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள், போதும். இதை விளக்கத்தான் கீழே இவ்வளவு நீளம்.

வாண்டாவைப் பற்றிக் கொஞ்சம். ஓக்லஹோமா மாநிலத்தில் மாட் என்ற சின்ன ஊரில் 1937-இல் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே உள்ளூர் வானொலியில் பாடினார். அதைக் கேட்ட கன்ட்ரி பாடகர் ஹேங்க் தாம்ப்ஸன் தன் குழுவோடு பாடக் கூப்பிட்டார். 1955-இல் பள்ளியை முடித்த கையோடு எல்விஸ் பிரெஸ்லி பாடிய மேடைகளில் அவரும் ஏறினார். "கன்ட்ரி மட்டும் போதாது, ராக் அண்ட் ரோல் என்ற இந்தப் புதுப் பாணியையும் பாடு" என்று தூண்டிவிட்டவர் எல்விஸ்தான். ஊர் ஊராகப் போகும்போது அப்பா துணைக்கு வருவார், மேடைக்கான உடைகளை அம்மா தைத்துக் கொடுப்பார். கழுத்துவரை மூடிய சட்டையும் பூட்ஸும்தான் அப்போது கன்ட்ரி பாடகிகளின் சீருடை. இவரோ குஞ்சம் ஆடும், தோள் தெரியும் கவுனில் வந்து நின்றார். நாஷ்வில்லின் புகழ்பெற்ற கன்ட்ரி மேடையான கிராண்ட் ஓல் ஆப்ரியில் தோளை மூடிக்கொண்டால்தான் மேடை என்றார்கள். மூடிக்கொண்டு பாடிவிட்டு வந்தவர், அப்புறம் வெகுகாலம் அந்தப் பக்கம் போகவே இல்லை.

1958-இல் பதிவு செய்த 'லெட்ஸ் ஹேவ் எ பார்ட்டி' ஆல்பத்துக்குள் ஒரு பாட்டாகச் சும்மா கிடந்தது. அயோவாவில் ஒரு வானொலி அறிவிப்பாளர் அதைத் தன் நிகழ்ச்சிக்கு முகப்புப் பாட்டாகப் போட ஆரம்பித்த பிறகுதான் 1960-இல் தனி இசைத்தட்டாக வந்து, அமெரிக்கப் பட்டியலில் 37-ஆவது இடம்வரை போனது. அதற்கு முன்பே 'ஃபுஜியாமா மாமா' ஜப்பானில் சக்கைப்போடு போட்டு, 1959-இல் அங்கே சுற்றுப்பயணமும் போய் வந்துவிட்டார். ஹிரோஷிமா, நாகசாகி பெயர்களை எல்லாம் இழுத்து வைத்துப் பாடிய அந்தப் பாட்டு ஜப்பானிலேயே எப்படி ஓடியது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பிறகு கல்யாணம், கன்ட்ரி, 70-களில் தேவாலயப் பாட்டுகள் என்று போனது. ராக் அண்ட் ரோல் பக்கம் அவரைத் திரும்ப இழுத்தவர்கள் 80-களில் ஸ்வீடன்காரர்கள். ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கிடைத்தபோது வருடம் 2009.

அந்த நேரத்தில்தான் ஜாக் வைட் வருகிறார். 1975-இல் பிறந்தவர், வாண்டாவைவிட 37 வயது சின்னவர். 2004-இல் கன்ட்ரி பாடகி லொரெட்டா லின்னோடு 'வான் லியர் ரோஸ்' செய்து கிராமி வாங்கியிருந்தார். பெரிய கலைஞர்களோடு ஜோடிப் பாட்டு ஆல்பம் ஒன்று போடலாம் என்பது வாண்டா வீட்டில் இருந்த யோசனை. ஒரு பாட்டுக்கு வந்து போவதில் ஜாக் வைட்டுக்கு ஆர்வமில்லை, முழு ஆல்பத்தையும் நானே தயாரிக்கிறேன் என்றார். நாஷ்வில்லில் அவருடைய ஸ்டுடியோவில் வேலை நடந்தது. 'ராக்கன்டூர்ஸ்' குழுவில் அவரோடு வாசிக்கும் பேட்ரிக் கீலர், ஜாக் லாரன்ஸ் போன்றவர்களோடு ட்ரம்பெட், ட்ராம்போன் கோஷ்டி ஒன்றும் இருந்தது.

உள்ளே நடந்ததை வாண்டாவே பல பேட்டிகளில் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். இரண்டு மூன்று டேக்கில் முடித்துவிட்டு வீட்டுக்குப் போகும் காலத்து ஆள் அவர். ஜாக் வைட் விடவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தள்ளிக்கொண்டே இருந்தார். மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை கிடையாது, ஆனால் நினைத்தது வரும்வரை நகரவும் மாட்டார். அதனால் வாண்டா அவருக்கு வைத்த பெயர் 'வெல்வெட் போர்த்திய செங்கல்'. பிரிட்டிஷ் பாடகி எய்மி வைன்ஹவுஸின் 'யூ நோ ஐ'ம் நோ குட்' பாட்டை முன்னால் வைத்தபோது, இந்த வரிகளை இந்த வயதில் நான் பாடுவதா என்று தயங்கினார். பச்சையாக இருந்த இடத்தை ஜாக் வைட் மாற்றிக் கொடுத்த பிறகுதான் பாடினார். ஆக, பெயரை மட்டும் கடன் வாங்கிய கதை இல்லை இது. மகன் வயதுக்காரர் ஒருவர் அவரிடமிருந்து வேலை வாங்கியிருக்கிறார், அவரும் சளைக்காமல் கொடுத்திருக்கிறார்.

அப்படியானால் சில பாட்டுகளில் மட்டும் அவர் ஏன் ஓரமாக நிற்பதுபோல் இருக்கிறது? அதற்குக் கொஞ்சம் தாளக்கணக்குப் பேச வேண்டும்.

50-களின் ராக் அண்ட் ரோல் நடையை நம் பாஷையில் சொன்னால், அது திஸ்ரத்துக்கும் சதுஸ்ரத்துக்கும், அதாவது அடியை மூன்றாகப் பிரிப்பதற்கும் நாலாகப் பிரிப்பதற்கும், இடைப்பட்டது. அதற்கு முந்தைய ஷஃபிள் சுத்தத் திஸ்ரம். 'தகிட'வில் நடுவிலிருக்கும் 'கி' மட்டும் ஒலிக்காமல் 'த...ட, த...ட' என்று ஆடி ஆடிப் போகும். பின்னால் வந்த ராக் சுத்தச் சதுஸ்ரம், 'தகதக' என்று சம அளவில் வெட்டியதுபோல் இருக்கும். நியூ ஆர்லியன்ஸ் ட்ரம்மர் எர்ல் பாமர் ஷஃபிளில் ஊறியவர். ராக் அண்ட் ரோல் பாடகர் லிட்டில் ரிச்சர்டின் வலது கை பியானோவில் ஒரே அளவான எட்டு அடிகளாகக் குத்திக்கொண்டே போனதால், அதற்கு ஈடுகொடுக்கத்தான் தானும் நேர் நடைக்கு மாறினேன் என்று பிற்காலத்தில் சொன்னார். அந்த மாற்றம் ஒரே நாளில் நடந்துவிடவில்லை. நாலைந்து வருடம் கிட்டார் நேர் நடையிலும் ட்ரம்ஸ் ஆடும் நடையிலுமாக, ஒரே பாட்டுக்குள் இரண்டும் உரசிக்கொண்டே ஓடின. கால் தானாக ஆடுவது அந்த உரசலால்தான். அதைக் காகிதத்தில் எழுத முடியாது, எழுதினால் இரண்டில் ஒன்றாகிவிடும்.

அந்த உரசலுக்குள் வளர்ந்த ஆளுக்கு அது பேச்சு மாதிரி. தாளம் காட்டும் க்ளிக் சத்தத்தை ஹெட்போனில் போட்டுக்கொண்டு பழகிய பையன்களுக்கோ ஒன்று முழு நேர்நடை வரும், அல்லது பழசின் மேலுள்ள பக்தியில் முழு ஷஃபிள் வரும். நடுவில் நிற்க வராது. பெரியவர்களுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. 'பார்' என்பது நாலு அடி கொண்ட ஓர் ஆவர்த்தனம், பன்னிரண்டு பார் சேர்ந்தது ஒரு சுற்று. அந்தச் சுற்றை அவர்கள் எண்ணுவது கிடையாது. வரி எங்கே முடிகிறதோ அங்கேதான் கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு, மாறும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, அடிபட்டுத் தெரிந்துகொண்டேன். ரொம்ப வருடத்துக்கு முன் பெரம்பூரில் ஓர் ஆங்கிலோ இந்தியக் கல்யாணம், நான் பாஸ் கிட்டார். ராத்திரி பதினோரு மணிக்கு எழுபதைத் தாண்டிய அங்கிள் ஒருவர் மேடையேறி மைக்கைப் பிடித்தார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், கோட்டு, பளபளக்கும் ஷூ. "ஏ-யில் வாசிங்கப்பா" என்று சுருதியைச் சொன்னதோடு சரி, பாட்டின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. முதல் சுற்றில் பதினோராவது பாரிலேயே மாறினார், அடுத்த சுற்றில் பதின்மூன்று எடுத்துக்கொண்டார். நானும் ட்ரம்மர் பையனும் கணக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அழகாகத் தப்பாக வாசித்துக்கொண்டிருந்தோம். அவர் திரும்பி முறைக்கவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. இடது குதிகாலை மட்டும் கொஞ்சம் பெரிதாகத் தூக்கித் தட்ட ஆரம்பித்தார். மூன்றாவது சுற்றிலிருந்து அந்த ஷூவையே பார்த்து வாசித்தோம். இதில் என்ன வேடிக்கை என்றால், கீழே ஜோடி ஜோடியாக ஆடிக்கொண்டிருந்த ஐம்பது அறுபது பேரில் ஒருவரும் தடுமாறவில்லை. அவ்வளவு நேரமும் தடுமாறியது நாங்கள் இருவர் மட்டும்தான்.

இதே கதை பெரிய ஆட்களுக்கும் நடந்திருக்கிறது. அதற்கு ஒலிப்பதிவே சாட்சி. 1970 மே மாதம், லண்டன் ஒலிம்பிக் ஸ்டுடியோ. ஹவுலின் உல்ஃபுக்கு அறுபது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் ப்ளூஸ்காரர், ராக் அண்ட் ரோல் கணக்கில் வர மாட்டார் என்று சண்டைக்கு வராதீர்கள், விஷயம் ஒன்றுதான். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எரிக் கிளாப்டன், ரோலிங் ஸ்டோன்ஸின் பில் வைமன், சார்லி வாட்ஸ். உல்ஃபின் பல வருடக் கிட்டார்காரர் ஹியூபர்ட் சம்லினும் வரவேண்டும் என்று கேட்டு வாங்கியது கிளாப்டன். தன் இடத்துக்கே போட்டியாளரைக் கூப்பிட்டுக்கொண்டாரே என்று தோன்றும். இல்லை, யாருடைய ஷூவைப் பார்த்து வாசிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அங்கே பதிவான ஆல்பத்தில் 'லிட்டில் ரெட் ரூஸ்டர்' பாட்டுக்கு முன் ஒத்திகையில் ஒரு துண்டை வெட்டாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். வாசிக்க ஆரம்பித்துச் சரியாக வராமல் நின்றுவிடுகிறது. கிளாப்டன் தயங்கித் தயங்கி, நீங்களும் அக்கூஸ்டிக் கிட்டாரில் கூடவே வாசித்தால் பார்த்துப் பிடித்துக்கொள்வோம் என்கிறார். இப்படிக் கேட்பவர் அன்றைக்கு உலகத்தில் கிட்டார் வாசிப்பவர்களின் தெய்வம், வயது 25. இதில் என்னப்பா இருக்கிறது, எண்ணிக்கொண்டு வாசிக்க வேண்டியதுதானே என்று உல்ஃப் முதலில் அலட்டிக்கொள்ளாமல் சொல்கிறார். பிறகு தானே கிட்டாரில் வாசித்து, மேலே எங்கே நிறுத்த வேண்டும், எங்கே கீழே இறங்க வேண்டும் என்று காட்டுகிறார். சில நிமிஷம்தான். ஆனால் உங்கள் கேள்விக்கு என் இத்தனை பத்திகளைவிட நல்ல பதில் அது. கவனித்தீர்களா, இளையவர்கள் எதையும் திருத்தவில்லை. பெரியவர் எங்கே மாறுகிறாரோ அங்கேயே மாறக் கற்றுக்கொள்கிறார்கள்.

50-களின் ராக் அண்ட் ரோல் கிட்டார்காரர் சக் பெரி இவ்வளவு சாந்தமான வாத்தியார் இல்லை. பல வருடம் கிட்டாரை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவார். அந்தந்த ஊரில் கிடைக்கும் குழுதான் பக்கவாத்தியம், ஒத்திகை கிடையாது, பணம் முன்கூட்டியே வந்துவிட வேண்டும். 70-களின் தொடக்கத்தில் அப்படி ஒருநாள் அவருக்குப் பின்னால் வாசித்த பொடியன் ப்ரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீன். என்ன பாட்டு வாசிக்கப் போகிறோம் என்று கேட்டதற்கு, 'சக் பெரி பாட்டு' என்று பதில் வந்ததாம்! 1986-இல் சக் பெரியின் அறுபதாவது பிறந்தநாளை ஒட்டி செயின்ட் லூயிஸில் கச்சேரி, இசையை முன்னின்று நடத்தியவர் ரோலிங் ஸ்டோன்ஸின் கிட்டார்காரர், 42 வயது கீத் ரிச்சர்ட்ஸ். சக் பெரியின் பாட்டுகளை நெட்டுரு போட்டே கிட்டார் கற்றவர் அவர். ஒத்திகையில் 'கரோல்' பாட்டின் தொடக்கத்தில் அந்த ஒரு கம்பி வளைப்பு சரியில்லை என்று சக் பெரி நிறுத்தினார், மறுபடி நிறுத்தினார், இன்னொரு முறையும் நிறுத்தினார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. கீத் ரிச்சர்ட்ஸ் பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தார். அதைவிட அவர் செய்த பெரிய காரியமாக நான் நினைப்பது, பழைய பியானோக்காரர் ஜானி ஜான்சனைத் தேடிக் கொண்டுவந்து உட்காரவைத்ததுதான். அந்த மனிதர் அப்போது பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் வந்து உட்கார்ந்ததும் அந்தப் பாட்டுகளின் நடை தானாக வந்து உட்கார்ந்தது.

பியானோ வாசித்துப் பாடும் ராக் அண்ட் ரோல்காரர் ஜெர்ரி லீ லூயிஸையும் சொல்லிவிடுகிறேன். 1958-இல் 13 வயது உறவுப் பெண்ணைக் கல்யாணம் செய்திருந்தது தெரிந்து இங்கிலாந்தில் கொந்தளித்து, மூன்று கச்சேரியோடு மூட்டை கட்டி அனுப்பப்பட்டவர். அதே லண்டனுக்கு 1973 ஜனவரியில் ஆல்பம் பதிவு செய்ய வந்தார். ரோரி கேலகர், பீட்டர் ஃப்ராம்ப்டன், ஆல்பர்ட் லீ, ஆல்வின் லீ என்று கிட்டார்காரர்களே ஒரு படை. இந்த நால்வரும் முப்பதுக்குள். ஜெர்ரி லீக்கு வயது 37 தான், அதற்குள் அவர் 'பழைய ஆள்'! இரட்டைத் தட்டு முழுக்கக் கல்யாண வீட்டுச் சமையலறை மாதிரி ஆளாளுக்குக் கரண்டியைப் போடுகிறார்கள். என்றாலும் அவருடைய இடது கை நின்றால்தான் மற்றவர்கள் நிற்கிறார்கள், அது கிளம்பினால்தான் கிளம்புகிறார்கள். கூட்டம் அதிகம், முதலாளி ஒருவரே.

இந்தக் காதோடு 'தி பார்ட்டி ஐன்ட் ஓவர்' ஆல்பத்துக்குத் திரும்புவோம். 'ஷேக்கிங் ஆல் ஓவர்' 1960-இல் பிரிட்டனில் ஜானி கிட் பாடியது. இங்கே வாண்டாவின் குரலைக் கரகரப்பாக உடைத்து எதிரொலியில் முக்கி எடுத்திருக்கிறார்கள். ட்ரம்ஸும் ட்ரம்பெட்டும் போட்ட கட்டத்துக்குள் அவர் குரல் நிற்கிறது. கேட்கச் சூடாக இருக்கிறது, ஆனால் அந்த இடத்தில் வேறு யார் பாடியிருந்தாலும் பெரிய வித்தியாசம் தெரிந்திருக்காது. இது ஜாக் வைட் பாட்டு. 'ரிப் இட் அப்' கூட எனக்கு அப்படித்தான் படுகிறது. பாப் டிலனின் 'தண்டர் ஆன் தி மவுண்டன்' இழுபறி. மூல வரியில் வரும் அலிசியா கீஸ் பெயரை எடுத்துவிட்டு அங்கே ஜெர்ரி லீயை வைத்துப் பாடும்போது மட்டும், இது என் காலத்துச் சங்கதி என்று ஒரு துள்ளல் வருகிறது. பித்தளை வாத்தியங்கள் அதை உடனே அமுக்கிவிடுகின்றன. வைன்ஹவுஸ் பாட்டில் எந்தப் பக்கம் தராசு சாய்கிறது என்று எனக்கே நாளுக்கு நாள் மாறுகிறது. வரியின் கடைசியில் வரும் அந்த உறுமல் 1958-இல் கேட்ட அதே உறுமல்தான், அதை ஜாக் வைட் இல்லாமல் வெளியே எடுத்திருக்க முடியாது.

கடைசிப் பாட்டு 'ப்ளூ யோடல் நம்பர் 6'. 1933-இல் இறந்துபோன கன்ட்ரி பாடகர் ஜிம்மி ராட்ஜர்ஸுடையது. வாண்டாவுக்குக் கிட்டார் கற்றுக்கொடுத்தது அப்பா, வீட்டில் புழங்கியவை இந்த மாதிரிப் பாட்டுகள். இங்கே கோஷ்டியை வெளியே அனுப்பிவிட்டு, குரலுக்குத் துணையாகக் கிட்டாரை மட்டும் வைத்திருக்கிறார்கள். யோடல் என்பது நெஞ்சுக் குரலிலிருந்து மேல் குரலுக்குச் சட்டென்று தாவுவது. நடுவில் குரல் உடைய வேண்டும், உடையாமல் வழுக்கிக்கொண்டு போனால் அது யோடல் இல்லை. 73 வயதுக் குரல் தானாகவே உடையும். மற்ற பாட்டுகளில் மறைக்கப் பார்த்த அந்த உடைசல் இங்கே வித்தையாகிவிடுகிறது. கிட்டார் ஒவ்வொரு வரியின் முடிவிலும் துளி காத்திருந்து, அவர் மூச்சு எடுத்து அடுத்த அடி வைத்த பிறகுதான் தானும் அடி வைக்கிறது. பார் கணக்குப் பார்க்காதீர்கள், வராது.

2011 ஜனவரியில் வெளியான ஆல்பம் அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் பட்டியலில் 58-ஆவது இடம்வரை போனது. ட்ரம்பெட் சத்தமும் ஜாக் வைட்டின் பெயரும் இல்லாமல் ஆல்பம் முழுக்க 'ப்ளூ யோடல்' மாதிரியே இருந்திருந்தால் அந்த இடம் கிடைத்திருக்காது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். டிவி நிகழ்ச்சிகளில் அவர் பாடியதைப் பார்த்துவிட்டு, யார் இந்தப் பாட்டி என்று பழைய தட்டுகளைத் தேடிப் போனவர்கள் நிறையப் பேர்.

அடுத்து எதைக் கேட்பது என்று கேட்டீர்கள். லொரெட்டா லின்னின் 'வான் லியர் ரோஸ்' முதலில். அதே ஜாக் வைட், அதே சத்தம், ஆனால் பாட்டுகள் லின் எழுதியவை. அதனால் யார் வீட்டில் யார் விருந்தாளி என்ற சந்தேகமே வராது. வாண்டாவுடையது முழுக்க அடுத்தவர்கள் பாட்டு என்பதை மறந்துவிடாதீர்கள், பாதிச் சிக்கல் அங்கேதான். வாண்டாவே 2012-இல் ஜஸ்டின் டவுன்ஸ் எர்லைத் தயாரிப்பாளராக வைத்து 'அன்ஃபினிஷ்டு பிசினஸ்' செய்தார். பையனுக்கு முப்பது வயதுதான், ஆனால் குரலுக்கு இடம் விட்டு ஒதுங்கி நிற்கத் தெரிந்தவர். ஆல்பம் அவ்வளவாகப் பேசப்படவில்லை, எனக்கு முந்தையதைவிட இதுதான் பிடிக்கும். 2021-இல் ராக் பாடகி ஜோன் ஜெட் தயாரித்த 'என்கோர்' வந்தபோது வாண்டாவுக்கு 83 வயது, தானும் சேர்ந்து எழுதிய பாட்டுகளோடு வந்தார். பாட்டுக்கு ஒரு பிரபலம் என்று நட்சத்திரப் பட்டியல் போட்ட ஜோடிப் பாட்டு ஆல்பங்களை மட்டும் தள்ளி வையுங்கள். அந்த ரகத்தில் பலவற்றில் இரண்டு பேரும் ஒரே அறையில் இருந்திருக்கவே மாட்டார்கள். பார்த்து வாசிக்க அங்கே ஷூவே இருக்காது.

நேரமில்லை என்றால் இரண்டே பாட்டு. 1958-இல் பதிவான 'லெட்ஸ் ஹேவ் எ பார்ட்டி', அது முடிந்ததும் 'ப்ளூ யோடல் நம்பர் 6'. ஹெட்போனில் கேளுங்கள். முதல் பாட்டில் அவருக்கு வயது 20.